படுக்கப் போகிற இடத்தைக் கேட்டீர்களா?

மல்லாங்கிணறு, வரலொட்டி, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



ஏஜெண்டிடம் நீங்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, எத்தனை வருஷ பெர்மிட், டிக்கெட் யார் செலவு, ஃபிளைட் என்றைக்கு. நான் இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகல், மெடிக்கல், விசாக் காகிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. அதற்கு முன்னால் நானும் சிங்கப்பூரில் பெர்மிட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கே படுப்போம், ஒரு அறையில் எத்தனை பேர், சமைக்க இடம் உண்டா, கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒன்று, வாடகை யார் தலையில் விழும்? இந்தக் கேள்விகளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பித் தவறி அப்பாவோ மாமாவோ கேட்டுவிட்டால், "ரூமெல்லாம் கம்பெனி குடுத்துரும்ணே" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்று லட்சம் நான்கு லட்சம் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்கள், அடுத்த இரண்டு வருஷம் தலைசாய்க்கப் போகிற இடத்தைப் பற்றி அந்த ஒரு வரியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

நம் கரிசல் காட்டில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டு நிலபுலனை விசாரிப்பதற்கு முன்னால் அந்த ஊரில் நல்ல தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு தூரம் குடம் சுமக்க வேண்டும் என்றுதான் விசாரிப்பார்கள். உவர்த்தண்ணி ஊர் என்றால் சம்பந்தமே நின்றுபோகும். மகளுக்காக அத்தனை தூரம் யோசித்த ஊர், மகனை விமானம் ஏற்றும்போது யோசிக்காமல் விடலாமா?

முதலில் சிங்கப்பூர். நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் போகிற இடம். 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 தங்கும் விடுதியையும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியையும் அரசு பூட்டியது. உள்ளே இருந்தவர்கள் இருபதாயிரம் பேருக்குப் பக்கம். ஒரு அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். மூச்சு விட்டால் அடுத்தவன் முகத்தில் படும் தூரம். கொரோனா அங்கே பரவியதைப் பரவல் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்த தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு அந்தக் கிருமி வந்து போயிருந்தது என்று மனிதவள அமைச்சே கணக்குச் சொன்னது. கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர். வெளியே, வீடுகளில் இருந்தவர்களுக்கு வந்தது அதில் சொற்பம். அதே ஊர், அதே கிருமி. வித்தியாசம் அறையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சட்டம் மாறியது. புதிதாகக் கட்டும் விடுதியில் ஒரு அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. 4.2 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் ஏழரை அடிக்கு ஆறடி. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு கட்டிலும் அதற்கு மேலும் உள்ள எல்லா விடுதிக்கும் லைசென்ஸ் கட்டாயம். பழைய விடுதிகளுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்: 2030க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது, 2040க்குள் புதிய அளவு முழுவதும். ஆகவே இன்றைக்குப் போகிற உங்களில் ஒருவருக்குப் புது விடுதி கிடைக்கலாம், இன்னொருவருக்குப் பழையது கிடைக்கலாம். சம்பளம் ஒன்றாகவே இருக்கும். விடுதியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். பெயர் தெரிந்தால் அங்கே இருக்கிற நம் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆளுக்கு இத்தனை அடி என்ற கணக்கு நம் ஜனங்களுக்கு இப்போது புதிதாக வந்ததல்ல. பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் பாட்டன் பூட்டன்களுக்குக் கொடுத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, அதில் ஒரு குடும்பம் முழுவதும். பிறப்பு, சமையல், சாவு எல்லாம் அதற்குள்ளேயே. மலையகத்தில் இன்றைக்கும் லயத்தில் வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஏறிப்போனவர்களிடம் எந்தக் கங்காணியும் காம்பராவின் அகலத்தைச் சொல்லிக் கூட்டிப்போகவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் கேட்காமலே கிளம்புகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்குப் போகிறவர்களுக்கு ஐபிஏ என்கிற முன் அனுமதிக் கடிதம் வரும். அது உங்கள் தாய்மொழியிலும் இருக்க வேண்டும், நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வர வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் அதை ஏர்போர்ட்டில் காட்டுவதற்கான சீட்டு என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே அலவன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் கீழே மாதாந்திரப் பிடித்தம் என்று ஒரு வரி. உங்கள் தங்குமிடம் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும். அங்கே தங்குமிடத்துக்கு என்று ஒரு தொகை போட்டிருந்தால், அது மாதாமாதம் உங்கள் கையிலிருந்து போகும். போடவில்லை என்றால், போன பிறகு "ரூம் காசு" என்று பிடிக்க முதலாளிக்கு வழியில்லை. உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பிடித்தத்தைக் கூட்டவும் முடியாது. தங்குவதற்கும் மற்ற வசதிகளுக்கும் பிடிப்பது சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்று அங்கே வேலைச் சட்டமே சொல்கிறது. பெர்மிட் ஆளுக்கு ஒழுங்கான தங்குமிடம் கிடைப்பதைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் பொறுப்பு. இதெல்லாம் தெரிந்த ஆளிடம் சூப்பர்வைசர் பேசுகிற தோரணையே வேறு. நான் கண்ணால் பார்த்தது.

அடுத்து அடுப்படி. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சமைக்க இடம் இல்லாத விடுதி என்றால் கேட்டரிங் சாப்பாடுதான். விடிவதற்கு முன்னால் பொட்டலம் வந்து இறங்கும். சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும், சோறு நீர்விட்டிருக்கும். அந்த வெயிலில் ஏழெட்டு மணி நேரம் கிடந்த சோறு வேறு எப்படி இருக்கும்? அதற்கும் மாதக் காசு உண்டு. வயிற்றைக் கெடுத்துக்கொண்டு கிளினிக் போனால் அன்றையச் சம்பளமும் போகும். அடுப்பு இருக்கிற விடுதியில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ராத்திரியே சோறு வடித்து, காலையில் ரசமோ புளிக்குழம்போ ஊற்றி எடுத்துப் போவார்கள். செலவும் குறைவு, உடம்பும் நிற்கும். ஒரு ஆள் மூன்று வருஷம் தாக்குப்பிடிப்பதும் பாதியில் திரும்புவதும் பல நேரம் இந்த அடுப்படியில்தான் தீர்மானமாகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2024 ஜூன் 12. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் விடிகாலையில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் காவலாளி அறையில் மின்கசிவு. ஏறக்குறைய இருநூறு பேர் தங்கியிருந்த கட்டடம். அறைகளைத் தடுக்க எளிதில் தீப்பிடிக்கிற பொருளைப் பயன்படுத்தியிருந்தார்கள். மேலே ஓடிப்போனவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. இந்தியர்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இறந்தார்கள், அதில் ஏழு பேர் தமிழ்நாடு. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரும் அதில் ஒருவர். நெருப்பில் கருகியவர்களைவிடப் புகையில் மூச்சுமுட்டிப் போனவர்களே அதிகம். அதற்கு முந்தின வருஷம், 2023 ஏப்ரலில், துபாய் தேரா பக்கம் அல் ராஸில் ஒரு குடியிருப்பில் தீ. 16 பேர் போனார்கள், இருவர் தமிழ்நாட்டவர். அந்தக் கட்டடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இல்லை என்று தீயணைப்புத் துறை சொன்னது.

துபாயில் பெட் ஸ்பேஸ் என்பார்கள். ஒரு ஹாலை பிளைவுட்டும் ஜிப்சம் பலகையும் வைத்துத் தடுத்து, ஜன்னல் இல்லாத பொந்துகளாக்கி, கட்டில் கணக்கில் வாடகைக்கு விடுவது. சுத்தமாகவும் வைத்திருப்பார்கள், வாடகையும் கையைக் கடிக்காது, ஏசியும் ஓடும். போட்டோவில் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். 2025 ஜூனில் அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் துபாய் மாநகராட்சி இந்தத் தடுப்பு அறைகளை அகற்றும் வேலையில் இறங்கியது. அப்போது பெட்டியோடு நடுத்தெருவுக்கு வந்தவர்கள் வாடகை பாக்கி வைத்தவர்கள் இல்லை. மாதம் பிறந்ததும் ஒழுங்காகக் காசு கொடுத்தவர்கள்தான். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இல்லை. இஜாரி என்று அங்கே வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முறை இருக்கிறது. அறை காட்டுகிற ஆள் அந்தக் காகிதத்தைக் காட்ட மறுத்தால், அவரும் உங்களைப்போல ஒரு வாடகைக்காரர்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். அவரை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சுத்தம் என்றதும் நாம் பார்ப்பது தரை டைல்ஸும் பெயிண்டும். எனக்கு அது கடைசி. போய் இறங்கிய முதல் ராத்திரி, களைப்பாக இருந்தாலும், படுக்குமுன் ஒரு நடை நடந்து பாருங்கள். படிக்கட்டு எங்கே இருக்கிறது, இரண்டாவது வழி உண்டா, அதில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்துக் கிடக்கிறதா, மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, அறைக்கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிறதா, ஜன்னல் கம்பி திறக்கிற கம்பியா. இருட்டில் கை தடவிப் போக முடிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு மெத்தை. ஓரத் தையலை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த மெத்தையில் உங்கள் பையைக்கூட வைக்க வேண்டாம். குளியலறையை ராத்திரி பார்த்து ஏமாறாதீர்கள், விடிகாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். வரிசை அரை மணி நேரம் என்றால், தினமும் அரை மணி நேரத் தூக்கத்தை அந்த அறை எடுத்துக்கொள்கிறது. போன தடவை லீவில் வந்த ஒரு தம்பி விரலிடுக்கெல்லாம் சொறியோடு வந்தான். அறையில் பதினாறு பேர், துணி காயப்போட இடமில்லை, ஈரத் துணியை அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். கொண்டுவந்த காசில் ஒரு பங்கு தோல் டாக்டருக்குப் போனது. அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அம்மாவிடம் சொன்னாயா? தலையை ஆட்டினான், இல்லை என்று.

மலிவைப் பற்றி. சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் போகிறவர்கள் அறை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாதம் 80 வெள்ளி குறைவு என்று தூரத்தில் ஒரு கட்டில் எடுப்பீர்கள். போகவர பஸ்ஸும் ரயிலும் நாளைக்கு 4 வெள்ளி கூடுதல் என்றால், 26 வேலைநாளில் 104 வெள்ளி. நஷ்டம் 24 வெள்ளி, அதோடு தினம் இரண்டு மணி நேரம். வாடகை, கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், போக்குவரத்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். எச்டிபி என்கிற அரசுக் குடியிருப்பு வீடு என்றால் ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, மூன்றறை வீட்டில் 6 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, வாடகைக்கு எடுத்தவர் வீட்டை மறுவாடகைக்கு விடக்கூடாது. "ரெண்டு மாசத்துக்கு மட்டும் இருந்துக்கங்க, பேர் பதிய வேண்டாம்" என்று ஒருவர் கனிவாகச் சொன்னால், கனிவுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானம், கப்பல்பட்டறை வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு எச்டிபி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்க அனுமதியே கிடையாது, அதையும் மனதில் வையுங்கள். எந்த ஊராக இருந்தாலும், வாடகைக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டு வேலைக்குப் போகிற தங்கைகளே, அக்காமார்களே, உங்களுக்கு வேலை பார்க்கிற வீடேதான் தங்குமிடம். அதனால் கேட்கக் கூச்சமாக இருக்கும். சிங்கப்பூரில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தனி அறை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மறைவும் போதிய இடமும் தர வேண்டும். வீட்டு ஆண்களோ வயது வந்த பையனோ படுக்கிற அறையில் உங்களைப் படுக்கச் சொல்லக்கூடாது. கதவு உள்ள இடமா, காற்று வருமா என்று ஏஜெண்டிடம் போனிலேயே கேளுங்கள். கேட்டதற்காக வேலை தர மறுக்கிற வீடு நீங்கள் போகவே கூடாத வீடு.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஆபத்து. இங்கே உட்கார்ந்துகொண்டு, படம் மட்டும் பார்த்து, பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். இறங்கிய பிறகு பார்த்தால் அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். முதல் சில வாரத்துக்கு மட்டும் பல்கலைக்கழக விடுதியையோ நம்பகமான தற்காலிக இடத்தையோ பிடித்துக்கொண்டு, நேரில் பார்த்து அறை எடுப்பது நல்லது. செலவு சற்றுக் கூடும், பரவாயில்லை. ஜெர்மனி என்றால் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்கும் உறுதிக் கடிதம் தேவை. அது இல்லாத அறை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வங்கிக் கணக்கிலிருந்து விசா நீட்டிப்பு வரை எல்லாம் தட்டும். அங்கே வாடகையைச் சூடு இல்லாமல் ஒரு தொகை, சூட்டோடு ஒரு தொகை என்று இரண்டாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தச் செலவு கனவில்கூடத் தோன்றாது. இங்கிலாந்தில், டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் பொதுவாகக் கேட்கக்கூடாது, வாங்கியதை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற திட்டத்தில் கட்ட வேண்டும். பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒருவர் படுக்கிற அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் விதி உண்டு. சிங்கப்பூர் விடுதிக் கட்டிலின் 4.2ஐ இதோடு வைத்துப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளிக்கு ஒரு அளவு, மாணவனுக்கு ஒரு அளவு. உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இனி நான் பேச வேண்டியது ஏற்கெனவே அங்கே இருக்கிற அண்ணன் தம்பிகளிடம்.

நீங்கள் மரினா பே முன்னால் நின்று எடுத்த படமும், புர்ஜ் கலீபா பின்னால் தெரிகிற படமும் இங்கே எல்லாப் போனிலும் இருக்கிறது. கட்டிலின் படம் எந்தப் போனிலும் இல்லை. வீட்டில் கவலைப்படுவார்கள் என்று மறைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வீடியோ காலில் சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மறைத்த அறைக்கே உங்கள் சித்தப்பா மகன் அடுத்த மாதம் காசு கட்டிக்கொண்டு வந்து சேர்கிறான். தங்கை வீட்டுக்காரர் வருகிறார். அவர்களிடம் ஏஜெண்ட் சொல்லாததை நீங்கள் சொல்லலாம். உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒரு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அறை, அடுப்படி, குளியலறை, படிக்கட்டு நான்கையும் வீடியோ எடுங்கள். கூட இருப்பவர்கள் முகம் வேண்டாம், அவர்கள் சம்மதமும் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியின் பெயர், அறையில் எத்தனை பேர், தங்குவதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு, வேலையிடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லி, கிளம்பக் காத்திருக்கிற நம் ஊர்ப் பையனுக்கு அனுப்புங்கள். நல்ல இடமாக இருந்தால் அதையும் அனுப்புங்கள், அவன் அந்தக் கம்பெனியைக் கேட்டு வாங்கட்டும். அவன் இன்னும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டவில்லை. கட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
மல்லாங்கிணறு